கஜரூபனின் படம்

மெக்சிக்கோவின் எல்லை ஊரொன்றில், அமெரிக்கா போகவும் முடியாமல் ஊர் திரும்பவும் முடியாமல், தயாபரன் பதினொரு மாதமாகக் கிடந்தான். இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாளென்று அவன் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி ரொசாரியோ மேசை முழுக்கச் செவ்வந்திப் பூப் பரப்பி, தன் கணவனின் படத்தை வைத்தாள். “உன் ஆட்களின் படத்தையும் வை. இல்லாவிட்டால் வழி தெரியாமல் அலைவார்கள்” என்றாள். அவனிடம் இருந்தது, ஊரில் நடந்த போரில் காணாமல்போன தம்பி கஜரூபனின் படம் மட்டும்தான். அம்மாவுக்கு அழைத்தான்.

“இங்கை செத்தாக்களுக்குப் படைக்கினம். தம்பியின்ரை படத்தை வைக்கட்டே?”

“வைக்காதை! வைச்சால், அவன் செத்திட்டானெண்டு நாங்களே சொன்ன மாதிரியெல்லோ.”

படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தான். அம்மா அழைப்பைத் துண்டிக்கவில்லை.

“தயா, பசியோடை வந்தாலும் வருவான். கொஞ்சம் சோறு மட்டும் போட்டு வை.”