கடைசிக் கூடை

பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணியின் வரலாற்றை எழுதப் புறப்பட்ட மாணவி அஃப்சானா, பாகூரில் பழைய ஆட்டக்காரர் உலகநாதனைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

“முதல் ஃபைனல்ல கடைசிக் கூடை நீங்க போட்டதாமே சார்?”

“பின்ன? ரெண்டு டீமும் சமமா நிக்குது. முடியப் போற நேரம். பந்து கைக்கு வந்துச்சு, ஓடனேன், போட்டேன். கிரவுண்டே எழுந்து ஆடுச்சும்மா!”

“ஆனா, அந்தக் கோப்பை நம்ம யுனிவர்சிட்டிக்கு வரவே இல்லியே? யாரு ஏமாத்துனது? சொல்லுங்க, கிழிகிழின்னு கிழிச்சி எழுதிடறேன்.”

“யாரும் ஏமாத்தல. ஹாஃப் டைமுக்கு அப்புறம் பக்கம் மாறணும்ல? அவசரத்துல மறந்துட்டு நம்ம கூடையிலயே போட்டுட்டேன். பாயின்ட் அவனுங்களுக்குப் போயிடுச்சு.”

அஃப்சானாவின் பேனா நின்றது. “வரலாறுன்னு இத எப்படி சார் எழுதறது?”

“நடந்தத எழுது. இன்னா இப்ப?”

காபியோடு வந்த அவர் மனைவி தையலம்மாள் சிரித்தாள்.

“எதிர் டீம் கேப்டன் எங்க அண்ணன்தாம்மா. கோப்பையோட வூட்டுக்கு வந்ததும் அப்பாகிட்ட சொல்லுச்சு, ‘இவ்ளோ தாராளமான ஆளு கிடைக்கமாட்டான், தங்கச்சிய இவனுக்கே குடுத்துடலாம்’னு.”

உலகநாதன் அவள் கையிலிருந்து காபியை வாங்கிக்கொண்டார்.

“இப்ப எழுதும்மா, அந்த ஃபைனல்ல ஜெயிச்சது யாருன்னு!”