வெற்றுத்தாள்

விசாரணை எதுவும் இல்லாமல் ஏழு மாதமாகச் சம்பளத்தை நிறுத்திவைத்த கல்லூரி நிர்வாகத்தின்மீது வழக்குப் போட்டிருந்தாள் நூலகர் சகாயராணி. புத்தகங்கள் காணாமல் போனதற்கு அவள்தான் பொறுப்பு என்றது நிர்வாகம்.

"அவங்ககிட்ட விளக்கம் கேட்டீங்களா?" என்று நீதிபதி கேட்டதும், நிர்வாகத்தின் வக்கீல் ஒரு தாளை நீட்டினார். நேரில் விசாரித்ததாகவும் அவள் தவறை ஒப்புக்கொண்டதாகவும் அதில் தட்டச்சு செய்திருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து.

சகாயராணி தாளை எட்டிப் பார்த்தாள். எந்த விசாரணைக்கும் அவளை யாரும் கூப்பிடவே இல்லை. ஆனால் கையெழுத்து அவளுடையதுதான். வேலையில் சேர்ந்த அன்று மேலாளர் கையெழுத்துக் கேட்டு நீட்டிய வெற்றுத்தாள்கள் நினைவுக்கு வந்தன. "எல்லாரும் போடுறதுதாம்மா, சும்மா ஒரு வழக்கம்" என்றிருந்தார்.

"உங்களுது இல்லைன்னு சொல்லிடுங்க," அவளுடைய வக்கீல் காதருகே முணுமுணுத்தார். "ஆமான்னா கேஸ் போச்சு."

"இது நீங்க போட்டதாம்மா?" என்றார் நீதிபதி.

அவள் நீதிபதியை நேராகப் பார்த்தாள். "நான் போட்டதுதாங்கய்யா." வக்கீல் கண்களை மூடிக்கொண்டார். "ஆனா நான் போட்டப்ப அதுக்கு மேல ஒரு எழுத்துகூட இல்லைங்கய்யா."

நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தத் தாளை மறுபடி கையில் எடுத்தார்.