காத்து நின்ற பஸ்

பூம்பாறையில் காலை பஸ்ஸுக்கு ஓடி வருகிறவர்களை விட்டுவிட்டுப் போகும் வழக்கமில்லை. பூண்டு வயலுக்குள்ளிருந்து யார் கைகாட்டினாலும் டிரைவர் கந்தவேல் காத்திருப்பார்.

அன்றும் காத்திருந்தார். ரோகிணியோடு கடைசி சீட்டில் இருந்த கோகுல்ராஜ், "அண்ணே, வெரசா எடுங்கண்ணே" என்றான்.

"பொறுப்பா, ஒருத்தர் ஓடியாராருல்ல."

ஓடி வந்தவர் ரோகிணியின் அப்பா. மகளை இழுத்து இறக்கினார். அந்த வாரமே காதலர்கள் இருவரும் ஏரியில் விழுந்து செத்துப்போனார்கள். ஊர் அப்பனைத் திட்டியது. அப்பா விதி என்றார். பஸ் நின்றதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது கந்தவேல் யாருக்காகவும் நிற்பதில்லை.

"சனம் கத்துது, நிக்காமப் போறீக. அப்படி என்னண்ணே சோலி, பொண்ணு பாக்கவா?" என்பார் கண்டக்டர் அலாவுதீன். கந்தவேல் சிரிப்பதில்லை.

கடைசி சீட்டில் உட்காருகிறவர்கள், "ஈரமா கெடக்குங்க" என்று எழுந்துவிடுகிறார்கள். மழையில்லாத நாளிலும் அப்படித்தான். தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் கந்தவேலுக்கு மட்டும் அந்த இருவரும் தெரிகிறார்கள்.

இன்று நேரத்துக்கு முன்பே பஸ்ஸை எடுத்தார். வளைவுகளில்கூட வேகத்தைக் குறைக்கவில்லை. கொடைக்கானல் வந்ததும் எல்லோரும் இறங்கிப் போனார்கள். கந்தவேல் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் இன்னும் பின்பக்கம் திரும்பி, வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.