ஒரே ஒரு கடி

“நாய்க்காரர் நோட்டீஸ் விட்டா விடட்டும், பதறாதீங்கண்ணே” என்றார் வக்கீலம்மா, உறையைப் பிரிக்காமலே. “நடந்ததைச் சொல்லுங்க.”

ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுகிறவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“பெரிய கண்ணாடியைத் தூக்கிட்டு கேட்டுக்குள்ள நுழைஞ்சேம்மா. பாய்ஞ்சு வந்து தோள்மேல காலைப் போட்டுடுச்சு. அடுத்த நிமிஷம் ஒரே கடி! ரத்தமே வந்துடுச்சு.”

“ஊசி போட்டாச்சா?”

“அன்னைக்கே போட்டாச்சும்மா.”

“நல்லது. கடிச்சதைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கணும்.”

“கட்டியேவா?” அவர் முகம் வெளுத்தது.

“பின்னே? அவுத்து விட்டது அவங்க தப்பு. கடிக்க வந்தா தற்காப்புக்கு அடிக்கலாம், குத்தமில்ல. ஆனா அளவு மீறக்கூடாது. கட்டையால அடிச்சீங்களா?”

“ரெண்டு கையிலயும் கண்ணாடிம்மா.”

“உதைச்சீங்களா?”

“காலை எடுத்தா கண்ணாடியோட நானும் விழுந்திருப்பேனே!”

“கையும் சும்மா இல்ல, காலும் சும்மா இல்ல. அப்புறம் எதுக்கு நோட்டீஸ்?”

வக்கீலம்மா சிரித்தபடி உறையைப் பிரித்து உரக்கப் படித்தார்.

“எமது கட்சிக்காரருடைய நாயின் இடது காதைத் தாங்கள் கடித்துவிட்டபடியால், தங்களைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கண்காணிக்க வேண்டுமென்றும், தாங்கள் தடுப்பூசி போட்டுக்கொண்ட அட்டையைக் காட்ட வேண்டுமென்றும்…”

சிரிப்பு நின்றது. கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வக்கீலம்மா பெருமூச்சு விட்டார். “ஏண்ணே, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கக்கூடாதா?”