ரிஷிகேசன் பூட்டிய கணினி

ரிஷிகேசன் பாகங்களை வாங்கித் தன் கையாலேயே பூட்டிய கணினி வெள்ளிக்கிழமை இயங்க மறுத்தது. அவர் இறந்து நான்கு வருடங்கள். அவர் பாடிப் பதிந்த பாட்டுகள் அதற்குள் இருந்தன. அவருடைய குரல் வேறெங்கும் இல்லை. மனைவி ஹம்சத்வனி, ரொம்மன் புறநகரில் தன் மாடியிலேயே குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரன் ஆதித்யாவைக் கூப்பிட்டாள். அவனுக்கு மென்பொருள் வேலை.

சனிக்கிழமை காலை அவன் வந்தான். மின்வயரை மாற்றிப் பார்த்தான். நினைவகத்தைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பொருத்தினான். பிறகு நடுவிலிருந்த விசிறியைக் கழற்றினான். அதன் அடியில் பிராசசர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அங்கே மெல்லிய தூசி படிந்திருந்தது.

“அக்கா, இதுல பிராசசரே இல்லையே. யாராச்சும் எடுத்தாங்களா?”

“இல்லைத் தம்பி. அவர் போனாப்பிறகு ஒருத்தரும் திறக்கேல்லை. வியாழக்கிழமையும் இதிலைதான் பாட்டுக் கேட்டனான்.”

“அது இல்லாம இது ஓடவே ஓடாதுக்கா. டிஸ்க்கைக் கழட்டிப் பாட்டை மட்டும் எடுத்துத் தரவா?”

ஹம்சத்வனி அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம். இருந்தபடியே பூட்டி விடுங்கோ.”

அவன் விசிறியை வைத்துத் திருகாணிகளை முடுக்கினான். விடைபெற்று, வாசலில் குனிந்து சப்பாத்துப் போட்டான். ஹம்சத்வனி அறைக்குள் போய்ப் பொத்தானை அமுக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் உள்ளே ஓர் ஆண்குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கியது.

ஹம்சத்வனி கதவால் எட்டிப் பார்த்தாள்.

“ஓம் தம்பி, வேலை செய்யுது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”