டைரிப் பொருத்தம்

ஜாதகத்தை விட்டுவிட்டு டைரி பார்த்துப் பெண் கொடுக்கும் காலம் அது. எழுதிய குறிக்கோளை நிறைவேற்றினால்தான் டைரி தானாக டிக் போடும். நாமாகப் போட முடியாது.

பெண் வீட்டுக் கூடத்தில் நெடுமாறனின் டைரியைத் திரையில் ஓடவிட்டார்கள். 'நாளை முதல் ஜிம்' என்று நானூற்றுப் பன்னிரண்டு நாள் எழுதியிருந்தான். ஒரு டிக் இல்லை.

"மாப்ள கையெழுத்து நல்லாருக்கு," என்றார் பெண்ணின் அப்பா.

தனியாகப் பேச இருவரையும் மாடிக்கு அனுப்பினார்கள். நெடுமாறனுக்குப் பெண் மகிழினியைப் பிடித்துப்போயிருந்தது. அதுதான் சிக்கல்.

"என் டைரிய இன்னும் காட்டலைங்க," என்றாள் அவள். "எழுதுன எதையும் நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல."

"இன்னைக்கு என்ன எழுதுனீங்க?"

"வர்ற மாப்பிள்ளைய வேண்டாம்னு சொல்லிடணும்னு."

நெடுமாறன் இரண்டிரண்டு படியாகக் கீழே இறங்கினான்.

"என்னடா சொன்னா?" என்றாள் அம்மா.

"வேண்டாம்னு எழுதியிருக்காளாம்மா. தட்ட மாத்திடலாம்."