கேட்ட நிறம்

டேஷ்போர்டுக்குள் தலையை விட்டிருந்த மகள், பழைய ஒயர்க் கற்றையை மொத்தமாக உருவி வெளியே இழுத்துப் போட்டாள்.

“என்னம்மா இது? அப்பா ஒயரிங் பண்ணியிருக்காரா, இல்ல கோழி கிளறின குப்பையா?”

தையல்காரியான அம்மா காருக்கு வெளியே நின்றபடி, ஜன்னல் வழியாகக் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏறி உட்கார்ந்து பிடித்தால் இவ்வளவு கை வலிக்காது.

ஏறவில்லை. பதினோரு வருடமாக ஏறியதில்லை.

காயலான் கடையில் மழையில் நனைந்துகொண்டிருந்த வண்டி அது. அவள் கணவர் இந்த ஷெட்டில் வைத்துத்தான் கூரையை நாலு அங்குலம் அறுத்துத் தாழ்த்தினார், மூக்கை நீட்டினார், பின்னால் ஒரு லாரியின் வட்ட விளக்குகளைப் பொருத்தினார். மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தார்.

எல்லாம் அவர் இஷ்டம். ஒன்றே ஒன்றை மட்டும் மனைவியிடம் கேட்டார். என்ன கலர் அடிக்கலாம்?

கரும்பச்சை என்றாள். அவள் பிறந்த வீட்டு வாசல் கதவின் பச்சை. அந்த வீட்டை அவள் அண்ணன் விற்று ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பெயின்ட்டை அவரே கலந்தார். எங்கெங்கோ மிச்சமான டின்கள், லேபிள் உரிந்தவை. ஒரு வாரம் யாரையும் ஷெட்டுக்குள் விடவில்லை. பிறகு ஒருநாள் காலையில் அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கதவைத் திறந்தார்.

கார் பழுப்பாக நின்றது. நனைந்த மரப்பட்டையின் பழுப்பு.

“நீ கேட்ட அதே கலர்!” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

கைவிட்டுப் போன வீட்டைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, அந்த பிரவுன் எடுப்பாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். கணவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. வெகுநேரம் ஷெட்டிலேயே இருந்தார். அதன் பிறகு அவளைக் காரில் ஏறச் சொன்னதே இல்லை. நிறத்தை மாற்றவும் இல்லை. அதையும் சேர்த்து அவருடைய திமிர் என்றே அவள் மனதில் எழுதி வைத்தாள்.

பக்கத்து சீட்டின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது.

அவர் போய் ஏழு மாதம். இரண்டு வருடமாக ஓடாமல் நின்ற வண்டியை மறுபடி ரோட்டில் இறக்குவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். லிஃப்ட் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் அவள். சரி, ஆனால் பச்சை அடித்தால்தான் நான் ஏறுவேன் என்று தாய் சொல்லிவிட்டாள். நாளைக் காலை பெயின்டர் வருகிறான். இந்த முறை தவறு நடக்கக் கூடாதென்று, காட்டுவதற்குக் கரும்பச்சைத் துணியில் ஒரு துண்டு வெட்டி மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

மகள் தரையில் ஒரு பலகையைப் போட்டு, ஆணிகள் அடித்து, பழைய கற்றையை அதன் மேல் பரப்பினாள். இதே அளவில் புதிது கட்ட வேண்டும். ஹெட்லைட்டுக்குப் போன சிவப்பு ஒயர் பாதி வழியில் பச்சையாக மாறியது. பச்சை ஒன்று பழுப்போடு முறுக்கிச் சேர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நுனியிலும் நூல் கட்டி, அதில் முடிச்சுகள். ஒன்று. இரண்டு. சிலவற்றில் ஐந்து.

நூல் அவளுடையது. காணாமல் போன கண்டுகளுக்காக அவரோடு எத்தனை சண்டை.

மகள் காரின் பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் நோட்டைப் புரட்டினாள். “ஹெட்லைட், ஒரு முடிச்சு. ஹாரன், ரெண்டு முடிச்சு. வைப்பர், மூணு. எதுக்குமே கலர் எழுதலம்மா.”

பலகையை மறுபடி பார்த்தாள். விரலால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக்கொண்டே போனாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

“நீலமும் மஞ்சளும் ஒரு எடத்துலகூட மாறல. சிவப்பு, பச்சை, பிரவுன் மட்டும்தான் கண்டபடி கலந்திருக்கு. எங்க கம்பெனில சேரும்போது இதுக்குன்னே கண்ணு டெஸ்ட் வைப்பாங்க. அப்பாவுக்கு இந்த மூணும் ஒண்ணாத்தாம்மா தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரியாதா?”



சிவப்பு நூல் எடுங்க என்று தையல்காரி சொன்னால், அவர் பெட்டியையே தூக்கி வந்து அவள் மடியில் வைப்பார். ஒரு கண்டைப் பார்த்து எடுத்துத் தர உடம்பு வளையாதா என்று திட்டுவாள். அவர் சிரிப்பார். இருபத்தெட்டு வருடமும் அப்படித்தான் சிரித்தார்.

விளக்கைக் கூரைக் கொக்கியில் மாட்டினாள். கதவைத் திறந்தாள். குனிந்து, தலை இடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை நொறுநொறுவென்று சத்தம் போட்டது.

மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காதது போல் மறுபடி குனிந்துகொண்டாள்.

“துணியைக் கொடும்மா. பெயின்டர் எட்டு மணிக்கே வந்துடுவான்.”

“வர வேண்டாம்னு சொல்லிடு.”

“பச்சை அடிச்சாத்தான் ஏறுவேன்னியே?”

கண்ணாடிக்கு அப்பால் நீண்டு கிடந்த பழுப்பு மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள் தையல்காரி.

“உங்கப்பா பச்சைதாண்டி அடிச்சிருக்கார்.”